ஈத்தமலைக்கு நாலு பேர்

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க ஸ்வாதி வானத்தை முறைத்துக்கொண்டே திரிந்தாள். சுந்தரபாண்டியபுரத்தில் மற்றவர்களெல்லாம் குளம் நிறைந்த சந்தோஷத்தில் இருந்தார்கள். இன்னும் ரெண்டு மழை பெய்தால் தேவலை என்றார்கள். இவள் ஒருத்திதான், மேற்கே மலைமேல் மேகம் கறுக்கும்போதெல்லாம் "போதும் சாமி, நிப்பாட்டு" என்று முற்றத்தில் நின்று சண்டை போட்டாள். மழை நின்றால்தான் ஈத்தமலைக் காட்டுப்பாதையைத் திறப்பார்கள். பாதை திறந்தால்தான் யானை பார்க்கப் போகிற ஜீப் மேலே ஏறும்.

எல்லாம் அவள் புருஷன் கொடுத்த வாக்கு. வேல்ராஜ் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே பனிமலையில், பெயர் சொல்லக்கூடாத ஏதோ ஒரு முகாமில் அவனுக்குக் காவல். போன லீவு முடிந்து தென்காசியில் ரயில் ஏறும்போது, காலைக் கட்டிக்கொண்டு அழுத ஆறு வயது மகள் வள்ளித்தாயிடம், "அடுத்த லீவுல அப்பா ஒனக்கு நெசமான யானைய காட்டுதேன்" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் ரயிலேறிப் போய்விட்டான். பிள்ளையிடம் மாட்டிக்கொண்டவள் ஸ்வாதி. "அப்பா எப்பம்மா வருவாவ?" என்று காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால், ராத்திரி கண் சொருகும்வரை அதே கேள்விதான்.

அதனால் திட்டம் ஜோராக நடந்தது. முகாமில் சிக்னல் கிடைக்கிற அன்றைக்கு வேல்ராஜ் கூப்பிடுவான். புருஷன் பொண்டாட்டி பேச வேண்டிய பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு ரெண்டு பேரும் யானையைப் பற்றியே பேசுவார்கள். சிவப்புச் சேலை கட்டக் கூடாது. பூவும் சென்ட்டும் ஆகாது. அட்டை ஏறும், உப்பையும் புகையிலையையும் துணியில் முடிந்து வைத்துக்கொள். எலுமிச்சை சாதம் போதும். யார் எங்கே உட்காருவது என்பதுகூட முடிவாகிவிட்டது. ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக ரெண்டு பெஞ்சு. அதில் கடைசி இடம் வேல்ராஜுக்கு. "யானை வெரட்டினா மொதல்ல என்னையத்தான் பிடிக்கணும்" என்று சிரிப்பான். அவன் பக்கத்தில் வள்ளி. எதிர்ப் பெஞ்சில் ஸ்வாதியும் அவன் தங்கை ஜெயசித்ராவும். ஆக நாலு பேர். அரைப்பரீட்சை லீவில் ஒரு நாளைக் குறித்து, குற்றாலத்து ஜீப்காரர் மணிமுத்துவிடம் நாலு பேர் என்று சொல்லியும் வைத்தாயிற்று.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது வேல்ராஜ் கூப்பிட்டான். குரலைக் கேட்டதுமே ஸ்வாதிக்கு விளங்கிவிட்டது.

"லீவ நிப்பாட்டிட்டானுவட்டி. இங்கன நெலம சரியில்ல. பொங்கலுக்குப் பாப்போம்."

"அப்ப யானையும் பொங்கலுக்கே பாத்துக்கிடுதோம்."

"பொங்கலுக்கும் விடலைன்னா? பிள்ளைய ஏமாத்தாத. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நானும் கூட வாரதாவே நெனச்சுக்க."

நிலைமை சரியில்லை என்று அவன் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றிலிருந்து டிவியில் செய்தி போட்டாலே எழுந்து வெளியே போய்விடுவாள். புருஷன் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும். அவளுக்கு அந்த மார்கழியில் வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

குறித்த நாளில் மணிமுத்துவின் ஜீப் வாசலுக்கு வந்தது. தலை நரைத்த, வாய் ஓயாத மனிதர். குற்றாலத்தைத் தாண்டும்போது அருவிக்கரை முழுக்க ஐயப்ப சாமிமார் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். குரங்கு ஒன்று சிப்ஸ் பாக்கெட்டோடு ஓடியதைப் பார்த்து வள்ளி கைதட்டிச் சிரித்தாள். சிரித்த வாயோடு, "வந்திருந்தா அப்பாவும் பாத்திருப்பாவல்லாம்மா" என்றாள். ஸ்வாதி வெளியே பார்த்துக்கொண்டாள்.

கடைகள் தீர்ந்து, தோப்புகள் தீர்ந்து, காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மருதமரம். அதனடியில் காவல்தெய்வம் வழிமாடன் நிற்கிறார். நிற்கிறார் என்றால் சிலையெல்லாம் கிடையாது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல், சந்தனம் பூசி, உச்சியில் ஒரு வாடிய அரளி மாலை. மணிமுத்து எஞ்சினை அணைத்தார்.

"தாயி, எறங்கி ஆள்கணக்கு சொல்லிட்டு வாங்க. கூட்டிட்டு வந்தவியதான் சொல்லணும். மேல போறது எத்தன பேருன்னு சொல்லுங்க. திரும்பி எறங்கும்போது, அத்தன பேரும் வந்துட்டோம்னு சொல்லிட்டுப் போணும்."

"ஒங்களையும் சேத்தா அண்ணாச்சி?" என்று ஜெயசித்ரா சிரித்தாள்.

"என்னைய அவனுக்குத் தெரியும். தெனமும் போறவன எண்ண மாட்டான்."

ஸ்வாதி இறங்கிக் கல்லின் முன்னால் நின்றாள். மூணு பேர் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை.

எப்படி வரும்? அந்த வீட்டில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போதும் எல்லையில் இருக்கிறவனுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி சேர்த்துத்தான் போடுவார்கள். திருநீறு வாங்கினால் அவன் பங்கையும் வாங்கி அவன் போட்டோவில் பூசுவார்கள். சாமி முன்னால் அவனை விட்டுவிட்டு எண்ணுவது என்றால், அவனை நம் வாயாலேயே கழித்துவிடுவது போல. பட்டாளத்தான் பொண்டாட்டி எவளும் அதைச் செய்ய மாட்டாள். நிலைமை சரியில்லாத நாளில் கண்டிப்பாகச் செய்ய மாட்டாள்.

"நாலு பேரு போறோம் சாமி" என்றாள் ஸ்வாதி. "நாலு பேரையும் கொறையில்லாமக் கொண்டு சேரு."

மணிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது.

"மூணு பேருல்லா இருக்கிய?"

"அவியளையும் சேத்துச் சொன்னேன் அண்ணாச்சி."

அவர் கல்லைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சொன்னத மாத்தவும் கூடாது, சொல்லிட்டுத் திரும்பவும் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி, ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

மழை ஓய்ந்த காடு. மேலே வெயில் அடித்தாலும் கீழே இலைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ரெண்டு பக்கமும் மூங்கில் ஜாதி ஈத்தைப் புதர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பாதையை ஒரு சந்துபோல் ஆக்கியிருந்தன. மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை. முதல் வளைவு திரும்பியதும் ஜீப் பின்பக்கமாக ஒரு தடவை அமுங்கி எழுந்தது. ஓடுகிற வண்டியில் யாரோ தொற்றி ஏறினால் அமுங்குமே, அப்படி.

வள்ளி பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன்ட்டி நவுருத?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"எடம் வேணும்லா" என்றாள் பிள்ளை.

ஸ்வாதி கடைசி இடத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பச்சை ரெக்சின் உறை, அவ்வளவுதான். அப்பாவுக்கு இடம் விடுகிறாள் என்று நினைத்தாள். பயம் அப்போது வரவில்லை, அழுகைதான் வந்தது.

மேலே பழைய ஏலக்காய் எஸ்டேட் பங்களாவின் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. எதிர்ச்சரிவில் யானைகள்! ஒரு பெரிய பெண் யானை, ரெண்டு குட்டிகள், கொஞ்சம் தள்ளி இன்னும் சில. ஈத்தையை ஒடிக்கிற சத்தம் இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது. வள்ளி மூச்சுவிட மறந்து நின்றாள். ஜெயசித்ரா போனில் படம் எடுத்துத் தள்ளினாள். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

திடீரென்று பெரிய யானை ஒடிப்பதை நிறுத்தியது. தும்பிக்கையைத் தூக்கி இவர்கள் பக்கம் காற்றை மோந்தது. அப்புறம் குட்டிகளைக் காலுக்கிடையில் தள்ளிக்கொண்டு, பிளிறாமல் கொள்ளாமல், அத்தனை யானைகளும் ஓடிப்போயின.

"அது எதுக்கு அண்ணாச்சி ஓடுது?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

மணிமுத்து ஜீப்பின் கடைசி இடத்தை ஒரு தடவை பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸ்வாதி பழக்கதோஷத்தில் நாலு பொட்டலம் கட்டியிருந்தாள். ஒன்று மிச்சமாகும், மணிமுத்துவுக்குக் கொடுக்கலாம் என்று கூடையில் கைவிட்டால் வெறும் இலைதான் வந்தது. ஒரு பருக்கை இல்லாமல் வழித்துத் தின்ற இலை.

"ஏட்டி வள்ளி, ரெண்டு பொட்டலமா தின்ன?"

"அந்த மாமாவுக்குக் குடுத்தேன்."

"எந்த மாமாட்டி?"

வள்ளி இடிந்த சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் யாரும் இல்லை. ஆனால் அங்கே புல் மட்டும் அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிர்ந்தது.

ஜெயசித்ரா எழுந்துவிட்டாள். "மதினி, போயிருவோம்" என்றாள்.

ஸ்வாதி மணிமுத்துவைத் தனியாக இழுத்தாள். அவர் பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சொன்ன கணக்கு கொறையாம எறக்கி விடுதது மாடன் வேல, தாயி. கணக்குக்கு ஆள் இல்லன்னா, மேல கெடக்குறவன்ல ஒருத்தன சேத்து விட்டுருவான்."

"மேல யாரு கெடக்கா?"

"ஈத்தை வெட்ட வந்து திரும்பாதவன். தேனெடுக்க வந்து திரும்பாதவன். எத்தனையோ பேரு. எல்லாவனுக்கும் கீழ வரணும்னுதான் இருக்கும்."

ஜீப் கீழே இறங்கத் தொடங்கியது. மேகம் மறுபடி இறங்கி வெளிச்சத்தைத் தின்றிருந்தது. சாயங்காலம் ஆகுமுன்னமே மணிமுத்து விளக்கைப் போட்டார். மண் வாடை இப்போது வெளியிலிருந்து வரவில்லை. வண்டிக்குள்ளேயே இருந்தது. ஸ்வாதி எதிர்ப் பெஞ்சில் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினால் வள்ளி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது.

ஜெயசித்ராதான் முதலில் பார்த்தாள். அவள் விரல்கள் ஸ்வாதியின் கையில் பதிந்தன.

வள்ளியின் தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. வெறும் காற்றில்.

ஜீப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஸ்வாதியும் ஜெயசித்ராவும் தூக்கியடிக்கப்பட்டார்கள். அந்தத் தலை மட்டும் அசையவில்லை. ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கன்னம் ஒருபக்கம் நசுங்கி, எச்சில் வழிந்து, அந்த எச்சில் கீழே விழாமல் நின்றது.

"அப்பா" என்று தூக்கத்தில் முனகினாள் வள்ளி.

மத்தியானம் மாமா. இப்போது அப்பா.

ஸ்வாதி பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள். எடுக்கும்போது அவள் புறங்கையில் ஏதோ உரசியது. நனைந்த முரட்டுத் துணி. அதற்குள்ளே குளிர்ந்த தோள். அவள் கத்தவில்லை. கத்தினால் அது திரும்பிப் பார்த்துவிடும் என்று தோன்றியது.

மருதமரம் வந்தது. வண்டி நின்றது.

"கணக்கச் சொல்லணும் தாயி" என்றார் மணிமுத்து. அவர் பின்னால் திரும்பவே இல்லை.

"மூணுன்னு சொல்லிட்டு ஓடிருவோம் மதினி" என்று கிசுகிசுத்தாள் ஜெயசித்ரா. "நாம மூணு பேருதான. இது இங்கனயே எறங்கிரட்டும்."

ஸ்வாதிக்கும் அதுதான் சரியென்று பட்டது. இறங்கினாள். மணிமுத்துவும் கூடவே இறங்கி அவள் காதுப்பக்கம் வந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன். மூணுன்னு சொன்னா, நாலாவது ஆள நீங்க மேலயே விட்டுட்டு வந்ததா ஆயிரும். ஏறும்போது நாலாவதா யார நெனச்சுச் சொன்னிய?"

ஸ்வாதி அவரைப் பார்த்தாள்.

"அவியளத்தான்."

"அப்ப விட்டுட்டு வாரதும் அவியளத்தான்."

போனை எடுத்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் என்ன, அந்த முகாமுக்கு நினைத்த நேரத்தில் கூப்பிட முடியுமா? இந்த நிமிஷம் அவன் எந்தப் பாறையில் எந்தப் பனியில் நிற்கிறானோ. ஒரு வார்த்தையில் அவனை மலையில் விட்டுவிட்டு வரலாம். இல்லையென்றால் இதை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். இந்தப் பாழாய்ப்போன யானையை யார் கேட்டார்கள் என்று புருஷன்மேல் கோபம்கூட வந்தது. கோபம் வந்ததும் அவன் முகம் கண்முன் வந்தது. அதோடு முடிந்தது.

"நாலு பேரும் வந்துட்டோம் சாமி" என்றாள்.

பின்னால் ஜீப்பில் யாரோ மூச்சை விட்டார்கள். ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு.

மறுநாளே ஜெயசித்ரா தென்காசியில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்வாதிக்குப் போக இடமில்லை, அது அவள் வீடு. உள்ளறையில் மழைக்காட்டு வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சாம்பிராணி போட்டும் போகவில்லை. வள்ளி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக அங்கே ஓடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவாள். எதிர்க்குரல் எதுவும் கேட்காது. ஆனால் எதிராளி பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல் நடுநடுவே பிள்ளை அமைதியாக இருக்கும். ஸ்வாதி அவளை இழுத்துப்போய் அம்மன் கோவிலில் கயிறு கட்டினாள். தன்னோடு படுக்கவைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விடிந்து பார்த்தால் வள்ளி உள்ளறையில்தான் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அதையெல்லாம்கூட ஸ்வாதி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. "அப்பா எப்பம்மா வருவாவ?" என்று பிள்ளை கேட்பதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

மணிமுத்துவுக்குப் போன் போட்டு அழுதாள்.

"திரும்பக் கொண்டுபோயி விட்டுரலாமா அண்ணாச்சி?"

"அப்பமும் நாலுன்னு சொல்லி ஏறி மூணுன்னு சொல்லி எறங்கணும். விட்டுட்டு வாரது யாருன்னு யாரு கண்டா?" அப்புறம் அவரே சொன்னார். "ஒங்க வீட்டுக்காரவ வந்து சேரட்டும் தாயி. எடத்துக்கு உடையவன் வந்துட்டா, வந்தவன் எந்திரிச்சுத்தான ஆவணும்."

அந்த வார்த்தையை ஸ்வாதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முகாமில் நிலைமை சீராகிவிட்டது, லீவு கிடைத்துவிட்டது என்று வேல்ராஜ் கூப்பிட்டுச் சொன்னபோது, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தான் நாலு என்று சொன்னது வீண்போகவில்லை. அவன் பத்திரமாக வருகிறான். மற்றதை வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

போகிக்கு முந்தின நாள், நல்ல வெயிலில், தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் கன்னம் வெடித்து, கறுத்து, வேல்ராஜ் இறங்கினான். ஸ்வாதி தெருவென்றும் பாராமல் ஓடினாள். அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது. வியர்வையும் ரயில் வாடையும் அடித்தது. அவளுக்கு அதைவிட நல்ல வாசனை உலகத்தில் இருக்கவில்லை.

"என்னட்டி, ஆளே எளச்சுப் போயிட்ட?" என்று அவன் சிரித்தான். அவள் அவனை வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"ஏ வள்ளிக்குட்டீ! யாரு வந்திருக்கா பாரு!"

வள்ளி உள்ளறையிலிருந்து வந்தாள். வாசல்படியில் நின்று வேல்ராஜை ஏற இறங்கப் பார்த்தாள். வழி கேட்க வந்தவர்களைப் பிள்ளைகள் பார்க்குமே, அந்தப் பார்வை. அவன் கைகளை விரித்துக் குனிந்தான். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"நீங்க யாரு?"

வேல்ராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. "பிள்ளை மறந்துட்டாளாட்டி?" என்று பொண்டாட்டியைக் கேட்டான். ஸ்வாதி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பாட்டி! அப்பா வந்துட்டாவ, நல்லா பாரு!"

வள்ளி அம்மாவின் கையைப் பொறுமையாக எடுத்துவிட்டாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, ஒங்களத் தேடி யாரோ வந்திருக்காவ."

உள்ளறையில் கட்டில் முனகியது. யாரோ எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது.

"யாருட்டி அது?" என்றது உள்ளேயிருந்து வேல்ராஜின் குரல்.